கொடி படித்த கரை

கடலூரில் ரயில் ஏறிச் சிதம்பரம் பக்கம் போகிறவர்கள் ஆலப்பாக்கத்துக்கு முன்னால் செம்மங்குப்பத்தைக் கடக்கிறார்கள். 2025 ஜூலை 8 வரை வெளியூர்க்காரர்கள் பலருக்கு இந்தப் பெயரே தெரிந்திருக்காது. அன்று காலை ரயில்வே கேட்டில் பள்ளி வேன்மீது பயணிகள் ரயில் மோதி மூன்று பிள்ளைகள் இறந்துபோனார்கள். அதற்குப் பிறகு இந்தத் தடத்தில் போகும்போதெல்லாம், கேட் வரும் இடத்தில் என் கண் தானாக வெளியே போய்விடுகிறது. ஆள் நிற்கிறாரா, கையில் துணி இருக்கிறதா, அது என்ன நிறம்?

ரயிலில் கொடிக்கு அலங்கார வேலை எதுவும் கிடையாது. கார்டு பச்சையைக் காட்டினால் வண்டி நகரும். (2022 முதல் அவருக்கு ‘டிரெயின் மேனேஜர்’ என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள்; சனங்கள் இன்னும் கார்டு என்றுதான் சொல்கிறார்கள்.) சிவப்பைக் கண்டால் நிற்க வேண்டும். அதில் எழுத்தும் இல்லை, அதற்குக் குரலும் இல்லை. தூரத்தில் விரைந்து வருகிறவர் ஒரு கணத்தில் படித்துவிட வேண்டும். படிக்கத் தவறினாலோ, காட்ட வேண்டியவர் காட்டத் தவறினாலோ உயிர் போகும்.

செம்மங்குப்பத்திலிருந்து கிழக்கே கொஞ்ச தூரத்தில் கடல். அந்தக் கடலில் வந்தவர்களுக்கு இரண்டு நிறம் போதவில்லை. ‘நில்’, ‘போ’ என்பதோடு ‘நான் யார்’ என்பதையும் துணியிலேயே சொல்ல வேண்டியிருந்தது. கொடி என்றதும் இன்று நமக்குப் பள்ளி மைதானமும் ஆரஞ்சு மிட்டாயும்தான் ஞாபகம் வரும். ஆனால் இன்றைய நாட்டுக் கொடிகள் பலவற்றின் தாத்தா, பாட்டனெல்லாம் கப்பல் கொடிகள். கரையில் நிற்பவன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, வருவது வியாபாரியா எதிரியா என்று கண்டுபிடிப்பதற்காகப் பிறந்தவை. கடலூர்க்காரர்களுக்கு இது புதிதே அல்ல. துறைமுகத்தில் எத்தனையாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறது என்பதை வைத்து வலையை எடுக்கலாமா, படகைக் கட்டிப்போடலாமா என்று முடிவெடுக்கிற ஊர் இது. 1 முதல் 11 வரையிலான அந்தக் கூண்டுகளும் ஒரு மொழிதான்.

தேவனாம்பட்டினத்துக் கம்பம்

கெடிலம் ஆறு கடலைச் சேரும் பக்கத்தில் புனித டேவிட் கோட்டையின் இடிபாடுகள் கிடக்கின்றன. வெள்ளிக் கடற்கரைக்குச் சுண்டல் தின்னப் போகிற பலரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதில்லை. 1690-இல் ஆங்கிலேயக் கம்பெனி, அப்போது செஞ்சியில் இருந்த மராட்டிய மன்னர் இராஜாராமிடம் இதை விலைக்கு வாங்கியது. கோட்டையோடு சேர்த்து எவ்வளவு நிலம்? பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரை. சுட்டார்கள், குண்டு விழுந்த எல்லைக்குள் வந்த ஊர்கள் எல்லாம் கம்பெனிக்கு. ‘குண்டு கிராமங்கள்’ என்று அவற்றுக்குப் பெயரே வந்துவிட்டது. சங்கிலி போட்டு அளக்கிற சர்வேயர்களுக்கு இது எவ்வளவோ மேல் என்று தோன்றியிருக்கும். 1746-இல் சென்னையைப் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்தபோது ஆங்கிலேயர் இங்கே வந்து ஒண்டினார்கள். 1752 வரை இந்தக் கரையில் அவர்களுடைய தலைமையிடமே இந்தக் கோட்டைதான்.

அந்தக் காலத்தில் கோட்டை மதில்மேல் நிற்கும் காவலனுக்கு எத்தனை கொடி தெரிந்திருக்க வேண்டும்? வடக்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் புதுச்சேரி, பிரெஞ்சுக்காரர்கள். தெற்கே தரங்கம்பாடி, 1620 முதல் டேனிஷ்காரர்கள். அதற்கும் தெற்கே நாகப்பட்டினத்தில் டச்சுக்காரர்கள். தேவனாம்பட்டினத்திலேயே ஆங்கிலேயருக்கு முன்னால் கடை போட்டவர்களும் அவர்கள்தான். இடையில் பரங்கிப்பேட்டை. பெயரே போதும், யார் யார் வந்துபோனார்கள் என்று சொல்ல. சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு சின்னத் துறைமுகம், அதைச் சுற்றி அரை ஐரோப்பா.

அந்த மதில்மேல் காவலன் இடத்தில் நாம் நின்று பார்ப்போம்.

அடிவானத்தில் சிவப்பும் வெள்ளையும் மாறி மாறிக் கிடைப் பட்டைகள், கம்பத்தை ஒட்டிய மேல் மூலையில் ஒரு சிலுவை. ஆங்கிலேயக் கம்பெனியின் கப்பல். 1707-க்கு முன்னால் அந்த மூலையில் வெள்ளைமேல் சிவப்பான ஜார்ஜ் சிலுவை மட்டும்; பிறகு ஸ்காட்லாந்தின் சிலுவையும் கலந்த ஒன்றியக் கொடி. பட்டைகளின் எண்ணிக்கை காலத்துக்குக் காலம் மாறியது, பதின்மூன்று இருந்ததும் உண்டு. இன்றைய பள்ளிப் பிள்ளையிடம் அந்தப் படத்தைக் காட்டினால் ‘அமெரிக்கா’ என்று கத்தும். அந்தப் பிள்ளைமேல் தப்பில்லை. 1776 தொடக்கத்தில் ஜார்ஜ் வாஷிங்டனின் படை ஏற்றிய கொடியும் கிட்டத்தட்ட இதேதான்: பதின்மூன்று பட்டை, மூலையில் பிரிட்டிஷ் ஒன்றியம். பிறகுதான் அந்த மூலைக்கு நட்சத்திரங்கள் வந்தன. கம்பெனிக் கொடியைப் பார்த்து அமெரிக்கர்கள் எடுத்தார்களா, தற்செயலா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. பட்டை, மூலையில் சின்னம் என்ற அதே குடும்பத்தில்தான் மலேசியாவும் லைபீரியாவும் நிற்கின்றன.

சிவப்புமேல் வெள்ளைச் சிலுவை, ஆனால் நடுவில் இல்லை, கம்பத்தின் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்றால் தரங்கம்பாடி போகிற டேனிஷ் கப்பல். இப்படி ஒதுங்கிய சிலுவைக்கு ஒரு குடும்பமே உண்டு: சுவீடன், நார்வே, பின்லாந்து, ஐஸ்லாந்து. நிறம்தான் மாறும், உருவம் மாறாது. 1219-இல் எஸ்தோனியாவில் நடந்த போரில் இந்தக் கொடி வானத்திலிருந்து விழுந்தது என்பது டேனிஷ்காரர்களின் புராணம். கொடிக்குத் தெய்வீகம் சொல்லாத நாடு எது? 1845-இல் தரங்கம்பாடியை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுக் கொடியைச் சுருட்டிக்கொண்டு போனார்கள்.

மேலே சிவப்பு, நடுவில் வெள்ளை, கீழே நீலம் என்று மூன்று கிடைப் பட்டை என்றால் டச்சு. அதற்கும் முன்னால் மேல்பட்டை ஆரஞ்சாக இருந்தது. பதினேழாம் நூற்றாண்டில் சிவப்பாக மாறிவிட்டது. மூன்று பட்டைக் கொடி என்ற வழக்கத்துக்கே இவர்கள்தான் மூத்தவர்கள். இதன் கடைசிக் கதை நம் கரையில் நடக்கவில்லை, ஆனால் சொல்லாமல் போக மனமில்லை. 1945 செப்டம்பர் 19 அன்று இந்தோனேசியாவின் சுரபாயாவில், ஒரு ஹோட்டல் உச்சியில் டச்சுக் கொடி ஏறியது. இளைஞர்கள் மேலே ஏறி அதன் நீலப் பட்டையைக் கிழித்து எறிந்தார்கள். மிஞ்சியது மேலே சிவப்பு, கீழே வெள்ளை. இந்தோனேசியக் கொடி! தன்னை ஆண்டவர்களுடைய கொடிக்குள்ளேயே தன் கொடியைக் கண்டெடுத்ததுபோல இன்னொரு சம்பவம் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி பிரெஞ்சுக்காரர்கள். நீலம், வெள்ளை, சிவப்பு என்று நெடுக்குப் பட்டைகள் என்றுதானே சொல்லப் போகிறீர்கள்? தப்பு. அந்தக் கொடி புரட்சிக்குப் பின்னால், 1794-இல்தான் முறையாக வந்தது. அதற்கு முன் பிரெஞ்சு அரசக் கடற்படையின் கொடி வெறும் வெள்ளை. முழு வெள்ளை.

இங்கேதான் கடலூருக்கு உலகக் கொடிக் கதையில் ஓர் இடம் கிடைக்கிறது. 1758-இல் பிரெஞ்சுத் தளபதி லாலி புனித டேவிட் கோட்டையைப் பிடித்து மதிலைத் தகர்த்தார். 1760-இல் ஆங்கிலேயர் கடலூரை மீட்டார்கள். 1782-இல் ஐதர் அலியின் துணையோடு பிரெஞ்சுக்காரர்கள் மறுபடி பிடித்தார்கள். 1783 ஜூன் மாதம் நகரத்துக்குள் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி, வெளியே முற்றுகையிட்டபடி ஆங்கிலேயத் தளபதி ஸ்டூவர்ட். கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரேனின் 15 போர்க்கப்பல்கள் ஒரு பக்கம், ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸின் 18 போர்க்கப்பல்கள் மறுபக்கம். ஜூன் 20 அன்று மோதினார்கள். அந்த இருவருக்கும் இது ஐந்தாவது சண்டை, கடைசிச் சண்டையும்கூட. ஹியூஸ் சென்னைக்குத் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. கரைச் சண்டை மட்டும் ஓயவில்லை.

ஜூன் 29 அன்று ஓர் ஆங்கிலக் கப்பல் கடலூரை நோக்கி வந்தது. பெயர் மெடியா. அதில் சமாதானக் கொடி. ஐரோப்பாவில் சண்டை முடிந்துவிட்டது என்ற சேதியை அது கொண்டுவந்தது. முதல்கட்ட உடன்படிக்கை கையெழுத்தானது 1783 ஜனவரி 20. அதாவது, கடலூர்க் கடலில் மாண்டவர்கள் சமாதானமாகி ஐந்து மாதம் கழித்து மாண்டார்கள்.

சேதியைவிட எனக்கு அந்தத் துணிதான் பெரிய புதிர். சமாதானக் கொடியின் நிறம் வெள்ளை. எதிரில் நின்ற பிரெஞ்சுக் கப்பல்களின் கொடியும் வெள்ளை! நிறத்தை மட்டும் நம்புகிறவன் அன்று என்ன முடிவெடுத்திருப்பான்? ‘வருவது பிரெஞ்சுக் கப்பல், நம்ம ஆள்’ என்று சும்மா இருந்திருக்கலாம். அல்லது ‘எதிரி சரணடைகிறான்’ என்று துள்ளியிருக்கலாம். வெள்ளை தனியாகப் பறக்கிறதா, ஆங்கிலக் கொடியும் கூடவே இருக்கிறதா, கப்பலில் எந்த இடத்தில் பறக்கிறது என்பதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால்தான் விளங்கும். ஒரு கப்பல் தன் நாட்டுக் கொடியைப் பின்பக்கத்தில் கட்டும். மற்ற சேதிகள் மேலே பாய்மரத்தில். இன்றைக்கும் வழக்கம் அதுதான். வேற்று நாட்டுத் துறைமுகத்துக்குள் வரும்போது மரியாதைக்காக அந்நாட்டுக் கொடியை மேலே ஏற்றுவார்கள். மேலே பறப்பதைப் பார்த்து ‘இந்தியக் கப்பல்’ என்று சொன்னால் ஏமாறுவோம். பின்பக்கம் பனாமா இருக்கும்.

அது அநேகமாகப் பனாமாவாகவோ லைபீரியாவாகவோ மார்ஷல் தீவுகளாகவோதான் இருக்கும் என்பது இன்னொரு வேடிக்கை. உலகின் பெரிய கப்பல் பதிவேடுகள் இந்த மூன்று நாடுகளிடம்தான் இருக்கின்றன. முதலாளி ஒரு நாடு, மாலுமிகள் நாலு நாடு, கொடி வேறு நாடு. பனாமாக் கொடியை அடையாளம் காண்பது சுலபம்: நான்கு கட்டம், இரண்டு நட்சத்திரம், ஒன்று நீலம், ஒன்று சிவப்பு.

நிறம் சொல்லும் பொய்

நாங்கள் படித்த காலத்தில் ஸ்டேஷனரி கடையில் ‘உலக நாடுகளின் கொடிகள்’ சார்ட் ஒன்று விற்கும். பின்னால் திருப்பினால் மூலிகைகளோ தேசத் தலைவர்களோ இருப்பார்கள். அதைக் கிழக்குச் சுவரில் ஒட்டி, வீட்டுக்கு வருகிற மாமாக்களிடம் ஒப்பிப்பேன். சார்ட்டில் எல்லாக் கொடியும் ஒரே அளவுக் கட்டத்தில் அடைபட்டிருக்கும். அச்சு சரியில்லாததால் மரூனும் சிவப்பும் ஒன்று, ஆரஞ்சும் காவியும் ஒன்று. நான் வளர்ந்து ஆளான பின்புதான் அந்த சார்ட் எத்தனை விஷயங்களை மறைத்தது என்று தெரிந்தது.

மேலே சிவப்பு, கீழே வெள்ளை என்றால் இந்தோனேசியா என்றேனே, மொனாக்கோவும் அதே. நீளமும் அகலமும்தான் வித்தியாசம்: இந்தோனேசியா 2:3, மொனாக்கோ 4:5, கொஞ்சம் சதுரமாக இருக்கும். தலைகீழாகப் பிடித்தால் போலந்து. நெடுக்கே பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்றால் அயர்லாந்து. அதையே கண்ணாடியில் பார்த்தால் ஐவரி கோஸ்ட். எனவே கம்பம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் நெடுக்குப் பட்டைக் கொடியைப் படிக்கவே கூடாது. பச்சை, மஞ்சள், சிவப்பு மாலி; சிவப்பு, மஞ்சள், பச்சை கினி; மாலியின் நடுவில் ஒரு பச்சை நட்சத்திரம் வைத்தால் செனகல்.

ருமேனியா, சாட் விவகாரம் இன்னும் மோசம். இரண்டுமே நீலம், மஞ்சள், சிவப்பு நெடுக்குப் பட்டை. ருமேனியாவின் நடுவில் கம்யூனிஸ்ட் சின்னம் இருந்தவரை குழப்பமில்லை. 1989 டிசம்பரில் மக்கள் அந்தச் சின்னத்தைக் கத்திரியால் வெட்டி, நடுவில் ஓட்டை விழுந்த கொடியோடு தெருவுக்கு வந்தார்கள். ஆட்சி போனது, சின்னமும் போனது. மிஞ்சிய கொடி ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுக் கொடியோடு ஒத்துப்போய்விட்டது. நீலத்தின் அடர்த்தியில் மட்டும் மயிரிழை வேறுபாடு. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் இதைவிடச் சுவாரசியம். லிக்டன்ஸ்டைனும் ஹைட்டியும் ஒரே கொடியோடு வந்து நின்றன! வீடு திரும்பிய லிக்டன்ஸ்டைன் அடுத்த வருஷமே தன் கொடியில் ஒரு கிரீடத்தை வைத்தது. கல்யாண மண்டபத்தில் எதிரே வந்தவள் அதே புடவை கட்டியிருந்தால் என்ன செய்வோமோ அதைத்தான் அந்த நாடும் செய்தது.

கடலூர் மாவட்டத்துக் குடும்பங்களுக்கு இந்தப் பாடம் வேறு வழியில் வந்து சேர்ந்திருக்கிறது. பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் வீட்டுக்கு ஒருவராவது வளைகுடாவிலோ சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருந்திருப்பார்கள். பச்சை, வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்ற நான்கு அரபு நிறங்களும் 1916 அரபுக் கிளர்ச்சியின் கொடியிலிருந்து வழிவந்தவை. பல நாடுகள் அதையே கலைத்துப் போட்டுக்கொண்டன. சிவப்பு கம்பத்தை ஒட்டி நெடுக்காக நின்றால் அமீரகம். கறுப்பு, வெட்டுப்பட்ட முக்கோணம்போல நின்றால் குவைத். சிவப்பு முக்கோணத்துக்குள் ஏழுமுனை நட்சத்திரம் இருந்தால் ஜோர்டான், இல்லாவிட்டால் பாலஸ்தீனம். பஹ்ரைனுக்கும் கத்தாருக்கும் வெள்ளை ஓரம் ரம்பப் பல்போல இருக்கும். பல்லை எண்ண வேண்டும்: ஐந்து பஹ்ரைன், ஒன்பது கத்தார். பஹ்ரைன் நல்ல சிவப்பு, கத்தார் மரூன். கத்தார் சிவப்பு வெயிலில் கருத்துத்தான் மரூனானது என்று ஒரு கதை உண்டு; பாலைவன வெயிலைப் பார்த்தவர்கள் நம்பிவிடுவார்கள். சவுதிக் கொடியில் இறைவாக்கு எழுதியிருப்பதால் இரண்டு பக்கமும் நேராகப் படிக்கும்படி தைக்கிறார்கள். துக்கத்துக்கும் அதை அரைக் கம்பத்தில் இறக்குவதில்லை.

மலேசியக் கொடியில் பட்டை பதினான்கு, நட்சத்திர முனை பதினான்கு. 1963-இல் சிங்கப்பூரும் சேர்ந்திருந்தபோது பதினான்கு மாநிலங்கள். 1965-இல் சிங்கப்பூர் பிரிந்தது. பட்டையை யார் பிய்ப்பது? மத்திய அரசுக்கு அதை எழுதிவைத்துவிட்டு அப்படியே விட்டுவிட்டார்கள். நம் ஊர்ச் சொத்துப் பிரிவினையில் இப்படி ஒருவராவது விட்டுக்கொடுத்ததுண்டா? பிஜி நாட்டுக் கொடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். வெளிர்நீலம், மூலையில் பிரிட்டிஷ் கொடி, வலப்பக்கம் ஒரு கேடயம். அந்தக் கேடயத்துக்குள் கரும்பு இருக்கிறது. பாரதியார் நெஞ்சு வெந்து பாடினாரே, அதே கரும்புத் தோட்டம். இங்கிருந்து கப்பலேறிப் போன கூலிகளின் வியர்வைக்கு ஒரு நாட்டுக் கொடியில் கிடைத்த இடம் அந்தக் கரும்புக் கட்டுதான்.

சாயத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகக் கொடிகளில் சிவப்பும் நீலமும் கொட்டிக் கிடக்க, ஊதா ஏன் அகப்படுவதில்லை? டொமினிக்காவின் கிளியிலும் நிகராகுவாவின் வானவில்லிலும் துளித்துளியாகத் தேட வேண்டியிருக்கிறது. பழைய காலத்தில் ஊதாச் சாயம் கடல் நத்தையிலிருந்து வந்தது. ராஜாக்களுக்கே கட்டுப்படியாகாத விலை. சிவப்புக்கும் நீலத்துக்கும் இந்தக் கரையில் பஞ்சமே இருந்ததில்லை. மணற்பாங்கில் சாயவேர், உள்நாட்டில் அவுரி. அவுரி நீலத்துக்குத் தென்னாற்காடு பேர்போனது. சோழமண்டலக் கரைத் துணியை ஐரோப்பா அள்ளிக்கொண்டு போனதற்கு அந்த இரண்டு நிறத்தின் கெட்டியும் ஒரு காரணம்.

கள்ளக் கொடி

படிப்பவன் இருந்தால் பொய் எழுதுபவனும் இருப்பான். வேற்று நாட்டுக் கொடியைக் கட்டிக்கொண்டு எதிரியின் அருகே போவது கடற்போரில் பழைய தந்திரம். அதற்கும் ஒரு தர்மம் வைத்திருந்தார்கள்: முதல் குண்டைச் சுடுவதற்கு முன் சொந்தக் கொடியை ஏற்றிவிட வேண்டும்.

தமிழில் கெட்டிக்காரனை ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோம். அந்த எம்டன் 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுவிட்டுப் போன ஜெர்மானியப் போர்க்கப்பல். அதன் கெட்டிக்காரத்தனம் முழுசாகத் தெரிந்தது அக்டோபர் 28 அன்று, பினாங்கில். மூன்று புகைபோக்கி உள்ள கப்பல், நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கியை நிறுத்திக்கொண்டு ஆங்கிலக் கப்பல்போல உள்ளே நுழைந்தது. சொந்தக் கொடியை ஏற்றியது. சுட்டது. ஜெம்சுக் என்ற ரஷ்யக் கப்பல் மூழ்கியது. இதில் கொடி ரசிகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ஜெர்மானியக் கடற்படைக் கொடி வெள்ளையில் கறுப்புச் சிலுவை. பிரிட்டிஷ் கடற்படைக் கொடி வெள்ளையில் சிவப்புச் சிலுவை. அரை இருட்டில், காற்றில்லாமல் துணி தொங்கும்போது, எவ்வளவு பெரிய கண்ணுக்கும் இரண்டும் ஒன்றுதான்.

அந்தச் சிவப்புச் சிலுவை நம்மிடமும் வெகுகாலம் இருந்தது. 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கப்பல்களின் மூலையில் வந்த அதே ஜார்ஜ் சிலுவை, சுதந்திரத்துக்குப் பிறகும் இந்தியக் கடற்படைக் கொடியில் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தது. 2001-இல் எடுத்தார்கள், 2004-இல் திரும்ப வைத்தார்கள். 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் ஒரேயடியாக எடுத்துவிட்டு, நீல எண்கோணத்துக்குள் நங்கூரத்தை வைத்தார்கள். வந்தவர்கள் போய் எழுபத்தைந்து வருஷம் கழித்துத்தான் அவர்களுடைய சிலுவை போயிருக்கிறது.

ரிஷபமும் சக்கரமும்

ஐரோப்பியர் கொடியை நிறத்தாலும் கட்டத்தாலும் பிரித்தார்கள். நாம் சின்னத்தால் பிரித்தோம். சேரனுக்கு வில், சோழனுக்குப் புலி, பாண்டியனுக்கு மீன், பல்லவனுக்கு நந்தி. துணி என்ன நிறம்? யாரும் மெனக்கெட்டுச் சொல்லவில்லை. கடவுளைக்கூடக் கொடியை வைத்தே கூப்பிட்டோம்: சேவற்கொடியோன், விடைக்கொடியோன். வில்லனுக்கும் அதே மரியாதை, துரியோதனன் அரவக்கொடியோன். காவிரிப்பூம்பட்டினத்தில் கப்பல் பாய்மரம் முதல் கள்ளுக்கடை வரை எத்தனை கொடிகள் பறந்தன என்று பட்டினப்பாலை ஒரு பட்டியலே வைத்திருக்கிறது. சோழர் செப்பேட்டு முத்திரைகளில் புலி பெரிதாக உட்கார்ந்திருக்க, பக்கத்தில் இரண்டு மீனும் ஒரு வில்லும் இருக்கும். தோற்றவர் சின்னத்தைத் தன் சின்னத்தோடு சேர்ப்பது. 1801-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து சிலுவைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி முடித்த பிரிட்டிஷ் கொடியிலும் நடந்தது அதுதான். சோழர் எழுநூறு எண்ணூறு வருஷம் முந்திக்கொண்டார்கள்.

சின்னம் பேசும் கொடிகளில் நமக்கு மிக அருகில் இருப்பது இலங்கையுடையது. வாளேந்திய சிங்கம், நான்கு மூலையிலும் அரசிலை, கம்பத்தை ஒட்டிப் பச்சையும் ஆரஞ்சுமாக இரண்டு நெடுக்குப் பட்டை. பச்சை முஸ்லிம்களுக்கு, ஆரஞ்சு தமிழர்களுக்கு. 1951-இல் அந்தப் பட்டைகளைச் சேர்த்தபோது, கொடிக் குழுவில் இருந்த செனட்டர் நடேசன் அதற்கு உடன்படவில்லை. கொடியை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். பட்டைகள் சிங்கத்தின் கட்டத்துக்கு வெளியே நிற்கின்றன. சிங்கத்தின் முகமும் வாளும் அந்தப் பட்டைகளை நோக்கியே இருக்கின்றன. வரைந்தவர்கள் நினைத்தது வேறாக இருக்கலாம். தமிழன் கண்ணில் அது அப்படித்தான் படும்.

சிதம்பரத்துக்குக் கொடியோடு உள்ள உறவு ரொம்பப் பழையது. ஆனித் திருமஞ்சனத்துக்கும் மார்கழித் திருவாதிரைக்கும் ரிஷபக் கொடி ஏறினால்தான் விழா தொடங்கும். உமாபதி சிவாச்சாரியார் காலத்தில் ஒருமுறை அந்தக் கொடி ஏறவே மறுத்ததாம். தீட்சிதர்கள் ஒதுக்கிவைத்திருந்த அவரைக் கொற்றவன்குடியிலிருந்து அழைத்துவந்து பாடச் சொன்னார்கள். பாடப் பாடக் கொடி ஏறியது என்கிறது தலக்கதை. பாடியதற்குப் பெயர் ‘கொடிக்கவி’. சைவ சித்தாந்த சாத்திரங்கள் பதினான்கில் அதுவும் ஒன்று. கொடி ஏறாததற்கே ஒரு தத்துவ நூல் எழுதிய ஊர் வேறு எங்கே இருக்கிறது?

அதே கோயிலில் இன்னொரு தேசக் கொடியின் வாசனையும் உண்டு. முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போஜ அரசன் காட்சிப்பொருளாக அனுப்பிய கல்லைச் சிதம்பரத்தில் பதித்ததாக இங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. காம்போஜம் என்றால் கம்போடியா. அந்தக் கம்போடியாவின் கொடியில் நடுநாயகமாக இருப்பது ஒரு கோயில். நீலம், சிவப்பு, நீலம் என்று பட்டைகள். சிவப்பின் நடுவில் வெள்ளையாக அங்கோர் வாட். நேரில் ஐந்து கோபுரம், கொடியில் மூன்றுதான் தெரியும். கல் வந்ததற்கும் இரண்டாம் சூரியவர்மன் அந்தக் கோயிலைக் கட்டியதற்கும் நடுவே அதிக வருஷம் கிடையாது.

நம் தேசியக் கொடிக்கும் சிதம்பரத்தில் கோயில் மரியாதை. ஆகஸ்ட் 15, ஜனவரி 26 இரண்டு நாளும் கொடியை வெள்ளித் தட்டில் வைத்து நடராசர் சந்நிதியில் பூசை செய்து, மேளதாளத்தோடு எடுத்துப்போய், தீட்சிதர்கள் கிழக்குக் கோபுரத்தின் உச்சியில் ஏற்றுகிறார்கள். ஊரில் அரசு அலுவலகக் கொடியையும் நகராட்சிக் கொடியையும் அண்ணாந்து பார்க்க வேண்டியதில்லை. இதைப் பார்க்கக் கழுத்து வலிக்கும்.

போன முறை கீழவீதியில் நின்றபடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபுர உயரத்தில் கொடி உள்ளங்கை அளவு. கடற்காற்று அடித்தது. மேலே காவி, கீழே பச்சை என்பது துலக்கமாகத் தெரிந்தது. நடுவில் வெள்ளை, அதில் ஒரு புள்ளி. 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபை ஏற்றுக்கொண்ட 24 ஆரங்கள் அந்தத் தூரத்தில் எந்தக் கண்ணுக்கும் தெரியாது, புள்ளி மட்டும்தான். கொடிப் பித்துப் பிடித்தவனுக்கு உடனே ஒரு சந்தேகம் வரும். மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜர் என்று ஒரு நாடு. 1959-இல் அவர்கள் எடுத்துக்கொண்ட கொடியும் மேலே ஆரஞ்சு, நடுவில் வெள்ளை, கீழே பச்சை, வெள்ளையின் மத்தியில் ஒரு வட்டம். நைஜர்க் கொடி சதுரத்துக்குப் பக்கத்தில் வரும், நம்முடையது 2:3. ஆனால் காற்றில் மடிந்து மடிந்து விரியும் துணியில் நீள அகலத்தை யார் அளப்பது? அவர்களுடைய வட்டம் ஆரஞ்சு.

கண்ணுக்குமேல் கையை வைத்து மறுபடி பார்த்தேன். காற்று ஒருமுறை துணியை முழுசாக விரித்தது. புள்ளி நீலம்.